மணல்மேட்டு வீதி ஒறம்பரை

ஈரோட்டில் மணல்மேட்டு வீதி என்று ஒரு வீதி இருந்தது. அதில் மணலும் இல்லை, மேடும் இல்லை. ஜவுளிக் கடைகளும், அவற்றுக்கு மேலே மாடி வீடுகளும், மாடிக்கு மாடி காற்றில் ஆடுகிற துணிக்கொடிகளும்தான் இருந்தன. அந்த வீதியில் தெய்வசிகாமணி சேலையகத்தின் இணையதளம் மெதுவாகத் திறக்க ஆரம்பித்த வைகாசி மாதத்தில், அது எப்போது திறக்கும் என்று எங்கெங்கோ காத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த வீதிக்கே வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது ஒரு அம்மாள். தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு, போனைப் பிடித்திருப்பதுபோல் வலது கையை முகத்துக்கு நேராக மடக்கி, ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல், ரஹமத் பாயின் டீக்கடைக்கும் சேலையகத்துக்கும் நடுவில் நின்றாள்.

"யாரம்மா வேணும்?" என்று பாய் கேட்டார்.

"யாரும் வேண்டாமுங்க. சேலை பாக்கலாம்னு போன்ல தொட்டேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது, தொறக்க மாட்டேங்குது."

"எங்கிருந்து வர்றீங்க?"

"எங்க வர்றது? பெங்களூர்ல எங்க ஊட்டு சோபாவுலதான் உக்காந்திருக்கேன். இங்க என்னுங்க, வெயில் இத்தன எச்சா இருக்—"

அதோடு அவள் இல்லை. பக்கம் திறந்துவிட்டது. பாய் அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார், அடுத்து வந்தவரிடம் சர்க்கரை தூக்கலா, பாதியா என்று கேட்டார்.

அந்த இணையதளத்தைக் கட்டியவளும் காத்தவளும் வசுமதி. பாலிடெக்னிக் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்த ஊரே போதும் என்று திரும்பி வந்தவள். சேலையகத்தின் மேல்மாடியில், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன அறையில், சர்வர் என்கிற கறுப்புப் பெட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வேறு ஊரில் பெரிய கம்பெனிக்காரர்களின் கொட்டகையில் வாடகைக்கு இடம் எடுக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தெய்வசிகாமணி கேட்கவில்லை. "நம்ம கடை நம்ம கண்ணு முன்னால இருக்கோணும் அம்மணி" என்று சொல்லி, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாடியிலேயே அமர்த்திவிட்டார். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் காட்டும். வசுமதி அதைப் பார்ப்பாள், எழுந்துபோய் ஜன்னல் வழியாக வீதியில் தலைகளைப் பார்ப்பாள், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நாலைந்து முறை அப்படிப் பார்த்த பிறகு திரையை விட்டுவிட்டாள். ஜன்னலே போதுமாக இருந்தது.

தளம் ஏன் மெதுவானது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒதுக்கிவிட்ட சேலையை அடுத்தவர் முன்னால் போடக்கூடாது. வருகிற ஒவ்வொருவருக்கும் அலமாரியிலிருந்து மடிப்புக் கலையாத ஒன்றைத்தான் எடுத்து விரிக்க வேண்டும். தெய்வசிகாமணி சின்ன வயதில் வெறுந்தரையில் ஜமுக்காளம் விரித்து வியாபாரம் செய்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. இணையதளத்துக்கும் அதுவே சட்டம் என்றுவிட்டார். அதனால் யார் வந்து தொட்டாலும், அந்தப் பெட்டி முதலில் அவர் யார் என்று பார்க்கும், பிறகு இருப்பு எவ்வளவு என்று கேட்கும், விலையைக் கேட்கும், தள்ளுபடியைக் கழிக்கும், படங்களைத் தேடி எடுக்கும், எல்லாவற்றையும் அடுக்கி அவருக்கென்றே ஒரு பக்கத்தைப் புதிதாக நெய்து கொடுக்கும், அவர் பார்த்து முடித்ததும் அதைக் கலைத்து எறிந்துவிட்டு, அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து நெய்யும். பத்துப் பேர் வந்த காலத்தில் அது அழகாக இருந்தது. நூறு பேர் வந்தபோது அவர்கள் வீதியில் நின்றார்கள்.

வீதி அவர்களை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. வீட்டுக்கு வரும் விருந்தாளியை அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்பார்கள். இவர்களுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. "இன்னைக்கு ஒறம்பரை எச்சா" என்றால் தளம் மெதுவாக இருக்கிறது என்று பொருள். ஒறம்பரைக்கு ரஹமத் பாய் டீ கொடுத்தார். அவர்கள் குடித்தால் கிளாஸில் டீ குறையாது, ருசி மட்டும் போயிருக்கும். அந்த ருசி போன டீயை அவர் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். பல் விளக்கிக்கொண்டே வந்தவர்களுக்குத் துப்ப ஒரு இடம் காட்டினார்கள். ஒறம்பரை மேல் மோதினாலும் வலிக்காது என்று தெரிந்தும், சைக்கிளில் வருகிறவர்கள் மணி அடித்துத்தான் போனார்கள்.

எல்லாரையும்விட அவர்களை நேசித்தது சௌந்தரம் அக்கா. எதிர்மாடியில் குடியிருந்த அவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இணைப்பைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். ஆயுசில் பாதியை 'அலோ, நாந்தான் பேசறேன், அந்த விசயம்' என்பதோடு நிறுத்திக்கொண்டவர் அவர். ஒவ்வொரு விசயமும் என்ன ஆயிற்றோ என்ற கேள்வி அவருக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஒறம்பரை வந்து, வட்டம் சுற்றுகிற நேரத்தில் மனசைத் திறந்து பேசத் தொடங்கி, பாதியில் மறைந்துபோனார்கள்.

"கண்ணு, வசூ!" என்று அவர் எதிர்மாடியிலிருந்து கூப்பிடுவார். "இப்பத்தான் ஒருத்தி, மகளுக்கு மாப்பிள்ளையப் புடிக்கலீன்னு ஆரம்பிச்சா. ஏன் புடிக்கலீங்கறதுக்குள்ள உன்ற மெசினு அவளக் கொண்டுபோயிருச்சு. கொஞ்சம் நிதானமா உடக்கூடாதா?"

"நான் வேகமாக்கறதுக்குத்தானுங்க்கா சம்பளம் வாங்கறேன்."

"வேகமாப் போயி எல்லாரும் என்னத்தக் கண்டாங்க?"

வசுமதி சிரித்துக்கொள்வாள். ஆனால் அவளும் மெல்ல மெல்ல ஜன்னலிலிருந்து படிக்கட்டுக்கும், படிக்கட்டிலிருந்து வீதிக்கும் இறங்கிவிட்டாள். கோயம்புத்தூரில் இருந்தபோது காத்திருப்பவர்கள் திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு. இங்கே அவர்களுக்கு ஈரத் தலை இருந்தது, ஒற்றைக் காலில் செருப்பு இருந்தது, இடுப்பில் இல்லாத குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் கை இருந்தது. அந்தக் கோட்டுக்கு இத்தனை முகமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பொங்கியண்ணன் வந்தார்.

சங்ககிரிக்காரர், லாரி டிரைவர். நாக்பூருக்குப் பக்கத்தில் லோடு இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கிடைக்காமல், ஒரு டாபாவின் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார். மற்ற ஒறம்பரை ஒரு தரம் வந்தால் போய்விடுவார்கள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தரம் வந்தார். காலையில் வந்து, மறைந்து, ரஹமத் பாய் பால் காய்ச்சி முடிப்பதற்குள் மறுபடி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். பாதிப் பேச்சுக்கு மீதி வருவதை வீதி அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டது. சௌந்தரம் அக்கா படி இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி தொடைக்கறதுக்குன்னு கொடியில கெடந்த பழைய சீலை ஒண்ண உருவிக்கிட்டு வந்துட்டனுங்க்கா" என்றார் பொங்கியண்ணன். "நான் பழசுன்னு நெனச்சேன், கலரக்கூடப் பாக்கலீங்க. அவளுக்கு அதுதான் உசுரு. கிரீஸ் எல்லாம் ஆயி, கிழிஞ்சு, குப்பைக்கும் போயிருச்சு. அவ பவானிக்கு, அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அதே கலர்ல ஒண்ணு கொண்டுக்கிட்டு வா, இல்லாட்டி இந்த வாசப்படி—"

மறைந்தார். மாவாட்டுகிற நேரம் போயிற்று. வந்தார்.

"—ஏறாதேன்னுட்டா."

"போட்டோ ஏதாச்சும் இல்லீங்களா?" என்று கேட்டாள் வசுமதி.

"போட்டோவுல எல்லாம் வேற கலரா உழுந்திருக்குதுங்க. கடைக்காரங்க கிட்டக் கேட்டா, பச்சையா, காப்பிப்பொடியான்னு கேக்கறாங்க. பச்சையுமில்லீங்க, காப்பியுமில்லீங்க. மழை வரப்போறப்ப வாழைத்தோப்புக்குள்ள நின்னா ஒரு இருட்டு இருக்குமுங்களே, அதுல வெத்தலைச் சாறு சிந்துன மாதிரி. கண்ண மூடுனா அவ கட்டியிருக்கறது அப்படியே தெரியுது. தொறந்தா எங்கயும் இல்லீங்க."

வீதி முழுக்க அந்தக் கலரைத் தேடத் தொடங்கிற்று. ஆளுக்கொரு துண்டுத் துணி கொண்டுவந்து காட்டினார்கள். அவர் மரியாதையாகப் பார்த்து, "கிட்ட வருதுங்க, ஆனா இது இல்லீங்க" என்பார். தளத்தில் இருந்தவை பல ஆயிரம் சேலைகள். வசுமதி கலர் என்று பிரித்து வைத்திருந்த கட்டங்களோ பன்னிரண்டுதான். அவருடைய கலர் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் பெட்டி சூடாகி முனகியது. இப்படி முனகினால் எல்லா ஊரிலும் எல்லாரும் செய்கிற வைத்தியத்தை வசுமதியும் செய்தாள்: அணைத்து, மூச்சு வாங்கவிட்டு, திரும்பப் போட்டாள். வீதியில் நின்றிருந்த ஏழெட்டு ஒறம்பரை சட்டென்று காணாமல் போனார்கள். நல்ல வேளையாக அப்போது பொங்கியண்ணன் இல்லை. மறுநாள் அவர்களில் ஒரு அம்மாள் திரும்ப வந்து, வெறும் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க வந்தேன் நான்?" என்று வசுமதியிடம் கேட்டாள். "யாருக்கோ எடுக்கோணும்னு வந்தேன். யாருக்கு, என்னத்துக்குன்னு வழிச்சு எடுத்தாப்புல போயிருச்சு."

பெட்டி தன் நினைவில் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. பெட்டி மறந்தால் அவர்கள் நின்ற காரணமும் அவர்களிடமிருந்தே போய்விடுகிறது. அன்றைக்கு வசுமதி படிக்கட்டில் உட்கார்ந்து, வீதியில் ஒருவர் நின்றாலும் பெட்டியை அணைப்பதில்லை என்று முடிவு செய்தாள். பொங்கியண்ணனின் கலர் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த மனுசனின் கண்ணுக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஆடி வந்தது. ஆடித் தள்ளுபடி வந்தது. வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒறம்பரை நின்றார்கள். தெய்வசிகாமணி தயங்காமல், பழையதை எடுத்துவிட்டு ஆளுயரத்தில் ஒரு புதுப் பெட்டி வாங்கி, கிரேன் வைத்து மாடிக்கு ஏற்றினார். அதனால் ஆனதெல்லாம், ஒறம்பரை வாசலுக்கு முன்னைவிட வேகமாக வந்து, வாசலில் முன்னைவிட நெருக்கமாக அடைத்துக்கொண்டு நின்றதுதான். இன்னும் இரண்டு பெட்டி வாங்கினார். வாசல் மூன்றானது. மூன்று வாசலிலும் அடைத்துக்கொண்டார்கள்.

"என்ன அம்மணி இது, சோறு போடப் போட எலை காலியாக மாட்டேங்குது?"

"முன்னால எத்தனை பேர் நின்னு எடுத்துக் கொடுத்தாலும், குடோன் சாவி ஒருத்தர்கிட்டத்தானுங்களே இருக்குது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இருப்பு என்ன, விலை என்னன்னு எல்லாரும் அந்த ஒருத்தரையே போய்க் கேக்கறாங்க."

"அப்ப சாவிய நாலாப் பண்ணிப்போடு."

"நாலாப் பண்ணுனா ஒரே சேலைய நாலு பேருக்கு வித்துப்போடுவோமுங்க."

தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். யோசனை எங்கும் போகவில்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் காலையில் வீதியில் கால் வைக்க இடமில்லை. ஒறம்பரை நிறுத்தி வைத்த வண்டிகளின் சீட்டு மேல் நின்றார்கள், சன்ஷேடு மேல் நின்றார்கள், சௌந்தரம் அக்காவின் சமையலறையில் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே பட்டுப்பாவாடைக்காரி ஒருத்தி நின்றாள். ஒருவர்கூட மறையவில்லை. மறையாததோடு, பொறுமை போய்த் திரும்பத் திரும்பத் தொட்டவர்கள் இரண்டாகவும் மூன்றாகவும் வந்து நின்றார்கள். ஒரே அம்மாள் தன்னைத்தானே முறைத்துக்கொண்டு, "நான்தான் முன்னால வந்தேன், நீ பொறகால நில்லு" என்று சண்டை பிடித்தாள். பொங்கியண்ணன் மூன்று பேராக நின்றார். லோடு கிடைத்துவிட்டதாம், வண்டியை எடுக்கச் சொல்லிக் கிளீனர் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறானாம். மூவர் நெற்றியிலும் ஒரே வேர்வை.

தெய்வசிகாமணி மாடியேறி வந்தார். "அணைச்சுப்போடு வசூ."

"கீழ ஆயிரம் பேர் நிக்கறாங்க."

"தெரியாமயா சொல்றேன்? மறந்துட்டுப் போயி, மறுபடி யோசிச்சுக்கிட்டு வரட்டும். வீதில ஒரு ஆம்புலன்ஸ் வந்தா வழி உண்டா சொல்லு?"

"சில பேருக்கு மறுபடி யோசிக்க முடியாதுங்க."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும். அந்த வீதியில் தெரியாதவர் யார்? கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பன்னெண்டு மணிக்கு ஊதற உச்சிச் சங்கு வரைக்கும் பாரு. சங்கு ஊதுனா அணைச்சே ஆகோணும்." சொன்ன சொல்லை மாற்றாத மேனேஜர் நாச்சிமுத்துவை அழைத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். சங்கு ஊதியதும் அமுக்கு என்றார். நாச்சிமுத்து தலையாட்டினார்.

வசுமதிக்குப் பெட்டியில் செய்ய எதுவும் தோன்றவில்லை. வீதிக்கு இறங்கினாள். நெரிசலில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போனாள்: "நீங்க என்னத்தத் தொட்டீங்க? நீங்க?" ஆடித் தள்ளுபடி என்றார்கள். அவள் கேட்ட அத்தனை பேரும், முதல் பக்கத்து ஆடித் தள்ளுபடி என்றார்கள். அப்போது கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சலிப்பாகச் சொன்னாள்: "உங்களுக்கு மொதல்ல தொறந்துச்சுன்னா அப்படியே கொஞ்சம் இப்படித் திருப்பிக் காட்டுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே எழவத்தான காட்டப்போறாங்க."

வசுமதி அங்கேயே நின்றாள். பிறகு சேலையகத்துக்குள் ஓடினாள். ஆடித் தள்ளுபடிக் கட்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து, டீக்கடை பெஞ்சில் போட்டு, முதல் சேலையை உதறி விரித்தாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஓ, இதானா" என்றார்கள், "பார்டர் நல்லாத்தான் இருக்—" என்றார்கள், பார்த்த அத்தனை பேரும் ஊதிய விளக்குபோல் மறைந்தார்கள்.

"எடு! மடி அதை!" தெய்வசிகாமணி வாசலிலிருந்து கத்தினார். "ஒருத்தர் பாத்து ஒதுக்குனத இன்னொருத்தருக்குப் போடறதா? என்ற கடைலயா?"

"யாருங்க ஒதுக்குனாங்க?" என்று வசுமதியும் கத்தினாள். அவள் அவரிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. "கண்ணாலச் சீலை எடுக்க வந்தா ஒரு சீலைய விரிச்சுப்போட்டு, மாமியாரு, நங்கையா, சித்தி, பெரியம்மான்னு ஊரே சுத்தி உக்காந்து பாக்கறதில்லீங்களா? அப்ப ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு பிரிச்சீங்களா? இது ஒண்ணா உக்காந்து பாக்கறதுங்க!"

தெய்வசிகாமணி பெஞ்சில் விரிந்து கிடந்த சேலையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முன்னால் அவர் விரித்த ஜமுக்காளங்களும், அவற்றைச் சுற்றி உட்கார்ந்த கல்யாண வீட்டார்களும் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி விட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், கட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்து, பல வருடமாக மறந்திருந்த மணிக்கட்டு வீச்சில், முந்தானை முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஆகாயத்தில் எறிந்தார். அது சுருள் சுருளாகப் பிரிந்து எதிர்மாடியில் சௌந்தரம் அக்காவின் கொடியில் போய் விழுந்தது. அக்கா கிளிப் போட்டார். அப்புறம் யார் யாரைக் கேட்டார்கள்? அடுத்த மாடிக்காரி கையை நீட்டினாள், அதற்கடுத்த கடைக்காரர் தன் கடை ஏணியைக் கொண்டுவந்தார், ரஹமத் பாய் பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுக் கயிறு கட்டினார். மாடிக்கு மாடி, கொடிக்குக் கொடி, தள்ளுபடிச் சேலை அத்தனையும் வீதியின் குறுக்கே ஏறி ஆடிக்காற்றில் படபடத்தன. கீழே நின்ற ஒறம்பரை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, பாராட்டியும் குறை சொல்லியும் பாதிச் சொல்லில் போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டாக நின்ற அம்மாள் இரண்டு சேலையைப் பார்த்து இரண்டு குறை சொல்லிவிட்டுப் போனாள். யாரும் கேள்வி கேட்டு நச்சரிக்காததால், மேலே பெட்டிகளின் முனகல் அடங்கத் தொடங்கியது.

வீதியில் மிச்சம் நின்றவர்கள் கொஞ்சம் பேர். எல்லாம் தேர்ந்தெடுத்து வாங்குவதற்கு நின்ற பெண்கள். அவர்களோடு மூன்று பொங்கியண்ணன்கள்.

காற்று ஒரு மெல்லிய சேலையை இன்னொன்றின் மேல் கொண்டுபோய்ப் போர்த்தியது. வெயில் இரண்டையும் ஊடுருவி விழுந்தது.

"அதுதான்!" மூன்று பொங்கியண்ணன்களும் ஒரே குரலில் அலறினார்கள்; அலறிய வேகத்தில் ஒரே ஆளானார்கள். "அதேதானுங்க! அந்தா, அந்தா!"

தெய்வசிகாமணி ஏணியில் ஏறிப் பார்த்தார். மேலே இருந்தது கண்ணாடிபோல் மெல்லிய பச்சை. அதைத் தூக்கினார், அடியில் மெரூன். தூக்கியதும் கலர் போயிற்று. போட்டதும் வந்தது. "இது ஒரு சேலை இல்லீங்களே" என்று ஏணி மேலிருந்து பரிதாபமாகச் சொன்னார்.

அப்போது நின்றிருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் சிரிப்பு அடுத்தவளைப் பிடித்தது, அடுத்தவளுடையது அதற்கடுத்தவளை. மாடிகளிலும் சிரித்தார்கள். வசுமதிக்கும் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்ணா," என்று அந்தப் பெண் கேட்டாள், "உங்க ஊட்டம்மா உள்பாவாடை என்ன கலர்ல கட்டுவாங்க?"

"அதையெல்லாம் யாருங்க பாத்துக்கிட்டு இருக்கறது?"

"மெரூனாத்தான் இருக்கும். மெல்லிசுப் பச்சைச் சீலைக்கு உள்ள மெரூன் பாவாடை. நீங்க பாத்தது ரெண்டையும் சேத்துப் பாத்த கலரு. அவங்க சொன்ன சீலை வெறும் பச்சைங்ணா!"

பொங்கியண்ணன் முகத்தில் வெட்கமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. "வெறும் பச்சை" என்றார் தனக்குள். "கலியாணமாகிப் பதினோரு வருசம். வெறும் பச்சை." பிறகு இல்லாத போனில் கட்டை விரலை வேகமாக ஓட்டினார். "எடுத்துட்டனுங்க. பவானிக்கே அனுப்பச் சொல்லி அட்ரஸ் போடறேன். வட்டம் சுத்துது. சுத்துது. யக்கா, நான் போயி அவகிட்ட—"

சங்கு ஊதியது.

எல்லாரும் ஒரே நேரத்தில் நாச்சிமுத்துவை நினைத்துக்கொண்டார்கள். "டேய், வேண்டாம்டா!" என்று ஏணியிலிருந்து தெய்வசிகாமணி கத்தினார். வசுமதி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். கதவைத் திறந்தபோது அறை அமைதியாக இருந்தது. நாச்சிமுத்து சுவிட்சிலிருந்து கையை எடுத்து, வேலையைச் சரியாகச் செய்த திருப்தியோடு அவளைப் பார்த்தார்.

கீழே வீதி காலி. பொங்கியண்ணன் சங்கு ஊதும்போது மறைந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கம் திறந்து மறைந்தாரா, பெட்டிகள் அணைந்து மறைந்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டிகளைத் திரும்பப் போட்டு வசுமதி தேடித் தேடிப் பார்த்தாள். பவானிக்கு ஒரு பச்சைச் சேலை கேட்டு எந்த ஆர்டரும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

அன்றைக்கே அவள் தளத்தை மாற்றிக் கட்டினாள். எல்லாரும் கேட்கிற பக்கங்களை ஒருமுறை நெய்து விரித்து வைத்தாள்; வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். இருப்பு மாறினால் மட்டும் மடித்துப் புதிதாக விரித்தாள். குடோன் சாவிக்காரரிடம் வாங்குகிறவர்கள் மட்டும் போனார்கள். தளம் தொட்டவுடன் திறந்தது. தெய்வசிகாமணி மூன்று பெட்டிகளில் ஒன்றை விற்றுவிட்டார். வீதிக்கு ஒறம்பரை வருவது நின்றது.

பொங்கியண்ணன் வரவே இல்லை. மறந்துபோய் எந்த டாபாவிலோ வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார் பாய். போய்ச் சேர்ந்திருப்பார் என்றார் சௌந்தரம் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார், வீதியைப் பார்ப்பார், வீதியில் வீதி மட்டும் இருக்கும். "நம்ம பக்கத்துல ஏதாச்சும் கோளாறு பண்ணி வெய்யேன் கண்ணு" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். வசுமதி சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். தளத்தில் மெதுவான பக்கம் ஒன்று இன்னும் இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன் சொல்லில் எழுதித் தேடும் பக்கம் அது; அதை அபூர்வமாகத்தான் யாராவது தொட்டார்கள். கேட்பது ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அதை முன்னாலேயே நெய்து வைக்க வழியில்லை. அதை இன்னும் வேகமாக்க ஒரு உபாயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏனோ அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு பகல் பொழுதில், டீக்கடைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். முகம் யாருக்கும் தெரியாத முகம். அவள் உடம்பில் இருந்த கலரை வீதியே அறிந்திருந்தது: மழைக்கு முந்தின வாழைத்தோப்பின் இருட்டு, அதில் சிந்திய வெற்றிலைச் சாறு. பொங்கியண்ணன் மறக்கவில்லை; வேறெங்கேயோ ஒரு பச்சைச் சேலையை வாங்கிக்கொண்டு பவானிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"அம்மணி! நீ பொங்கியண்ணன் ஊட்டு—" என்று சௌந்தரம் அக்கா எதிர்மாடியிலிருந்து கத்தினார். கத்திக்கொண்டே படி இறங்கினார்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆமாங்க்கா. அவருக்கு ஒரு சீலை எடு—"

பக்கம் திறந்துவிட்டது.

வீதி திகைத்து நின்றது. "அவருக்கா?" என்றார் ரஹமத் பாய். "அவருக்கு எதுக்குச் சேலை?" அக்கா கடைசிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபடி மேலே பார்த்து, "வசூ! என்னத்தத் தேடுனான்னு பாத்துச் சொல்லு! சீக்கிரம்!" என்றார்.

வசுமதி அதற்கு முன்பே திரைக்கு ஓடியிருந்தாள். அவள் ஜன்னலுக்குத் திரும்பி வந்தபோது சிரிப்பில் குரல் எழும்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் எழுதித் தேடியதை வீதி முழுவதற்கும் வாசித்தாள்:

"காட்டன் சீலை, கலர் எதுவானாலும் பரவாயில்லை, லாரி துடைக்க."